ஆங்கிலப் பேச்சில் உங்களுக்கு மிகவும் எரிச்சல் தரும் பேச்சுப் பழக்கம் எது?

ஒரே சொல்லில் கேட்டால், "ரைட்?"

வலது என்ற பொருளிலோ சரி என்ற பொருளிலோ வருவதை நான் சொல்லவில்லை. வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு கேள்விக்குறியோடு வருவதைச் சொல்கிறேன். "இந்த மாற்றம் எல்லோருக்கும் நல்லது, ரைட்?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஒரு மூச்சு அளவுகூட இடம் விடாமல் அடுத்த வாக்கியத்துக்குத் தாவுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது.

ஏழு ஆண்டுகளாக ஆங்கில ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் வடித்துத் தருவது என் வேலை. அதில் இரண்டு முறைகள் உண்டு. ஃபுல் வெர்பேட்டிம் என்றால் திக்கல், முனகல், பாதியில் விட்ட சொல் எல்லாவற்றையும் அப்படியே எழுத வேண்டும். கிளீன் வெர்பேட்டிம் என்றால் "அம்", "யூ நோ", "ஐ மீன்", "லைக்" போன்றவற்றைக் களைந்துவிட வேண்டும். எதைக் களையலாம், எதைத் தொடக்கூடாது என்று நாள் முழுக்க முடிவெடுத்துக்கொண்டே இருப்பதால், ஒரு காலத்தில் இந்தச் சொற்கள் எல்லாவற்றின் மேலும் எனக்கிருந்த வெறுப்பு இன்று அப்படியே இல்லை. பல சொற்களின் மேல் பரிவு வந்துவிட்டது. சிலவற்றின் மேல் பகை முற்றிவிட்டது.

பரிவு வந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "அ", "அம்" இரண்டையும் பேசத் தெரியாதவர்களின் அடையாளம் என்பார்கள். 2002-இல் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு ஆய்வாளர்கள் பதிவு செய்யப்பட்ட பேச்சுகளை ஆராய்ந்து, "அ" வந்தால் சிறிய இடைவெளியும் "அம்" வந்தால் பெரிய இடைவெளியும் தொடர்வதைக் காட்டினார்கள். பேசுகிறவர் தன்னை அறியாமலே "கொஞ்சம் பொறுங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை" என்று நமக்குச் சொல்கிறார். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "லிட்டரலி" என்பதை மிகைப்படுத்தப் பயன்படுத்துவது இந்தத் தலைமுறையின் சீரழிவு என்று கொதிப்பவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டிப் பார்க்கலாம். அந்தப் பயன்பாடு பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. "பேஸிக்கலி" மட்டும் இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு அடிப்படையான எதுவும் பெரும்பாலும் வருவதில்லை.

"யூ நோ" என்பதை வெறும் சத்தம் என்று ஒதுக்குவது தமிழ் படித்தவர்களுக்கு அழகில்லை. மியா, இக, மோ, மதி, இகும், சின் என்று ஆறு முன்னிலை அசைச்சொற்களைத் தொல்காப்பியர் எண்ணி வைத்திருக்கிறார். "கண்டது மொழிமோ" என்று ஒரு வண்டிடம் கேட்கும் குறுந்தொகை வரியில் அந்த "மோ"வுக்குத் தனிப்பொருள் கிடையாது. ஆனால் அதை எடுத்துவிட்டால், எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேசும் தன்மை போய்விடுகிறது. "யூ நோ" பல இடங்களில் அந்த வேலையைத்தான் செய்கிறது.

இனி வால் கேள்விகளுக்கு வருகிறேன். தமிழில் "இல்லையா", "அல்லவா", "தானே" என்று ஒன்றைச் சேர்த்தால் போதும். "நேற்று வந்தாய் அல்லவா", "நாளை வருவார்கள் அல்லவா" என்று எந்த வாக்கியத்துக்கும் ஒரே வால் பொருந்தும். ஆங்கிலத்தில் துணைவினையைத் திருப்பிச் சொல்ல வேண்டும், உடன்பாட்டை எதிர்மறையாக்க வேண்டும், எழுவாய்க்கு ஏற்ற பிரதிப்பெயரை எடுக்க வேண்டும், அதற்கும் மேலே "ஐ ஆம் லேட், ஆரன்ட் ஐ?" என்ற விதிவிலக்கையும் நினைவில் வைக்க வேண்டும். அதனால் பலர் எல்லா வாக்கியத்துக்கும் "இஸ்ன்ட் இட்" என்று போட்டுவிடுகிறார்கள். இதை இந்தியர்களின் பிழை என்று கேலி செய்வது அறியாமை. லண்டன் இளைஞர்களின் "இன்னிட்" அதே வேலையைச் செய்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் "நெஸ்பா"வும் அப்படி மாறாத வால்தான். "இஸ்ன்ட் இட்" எனக்கு எரிச்சல் தருவதில்லை. அதைக் கேலி செய்பவர்கள் தருகிறார்கள்.

1970-களில் இதைப் பற்றி ஒரு பெரிய விவாதமே நடந்தது. பெண்கள்தான் வால் கேள்விகளை அதிகம் பயன்படுத்துகிறார்கள், அது அவர்களின் தயக்கத்தைக் காட்டுகிறது என்றார் அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப். 1975-இல் டுபுவா, க்ரௌச் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சிறிய கருத்தரங்கின் பேச்சைக் கணக்கெடுத்தபோது, அங்கே வந்த வால் கேள்விகள் அத்தனையும் ஆண்களுடையவையாக இருந்தன. பின்னர் நியூசிலாந்து மொழியியலாளர் ஜேனட் ஹோம்ஸ் எண்ணிக்கையோடு நிற்காமல், அந்த வால் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கச் சொன்னார். தனக்கே உறுதியில்லாததைச் சரிபார்க்கும் வால் ஒன்று. வாய் திறக்கத் தயங்குபவரைப் பேச்சுக்குள் அழைக்கும் வால் இன்னொன்று. புதிதாக வந்தவரிடம் "யூ வொர்க்ட் ஆன் திஸ் பிஃபோர், டிட்ன்ட் யூ?" என்று கேட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பவரின் குரலைப் பதிவில் கேட்கும்போது எனக்கு நிறைவாக இருக்கும்.

என் பகை மூன்றாவது வாலோடுதான். எதிராளியின் வாயில் சம்மதத்தைத் திணிக்கும் வால் அது. நீதிமன்றத்தில் அதற்கு "லீடிங் கொஸ்டின்" என்று பெயரும் உண்டு, எல்லையும் உண்டு. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பதைத் தன் தரப்புச் சாட்சியிடம் பொதுவாக அனுமதிப்பதில்லை. குறுக்கு விசாரணையில் அனுமதிப்பார்கள், ஆனால் எழுந்து மறுக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இருக்கிறார், கேட்க நீதிபதி இருக்கிறார். அலுவலகக் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள்? "யூ டோன்ட் மைண்ட், டூ யூ?" என்று மேலதிகாரி கேட்கிறார். தமிழில் சிந்திப்பவர் "ஆமாம், ஆட்சேபணை இல்லை" என்ற பொருளில் "யெஸ்" என்று சொல்லிவிடுகிறார். ஆங்கிலத்தில் அது "ஆட்சேபணை உண்டு" என்று ஆகிவிடுகிறது. அவர் பதறி, திருத்தி, மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் பேச்சு எங்கோ போய்விடுகிறது.

ஒரு பதிவை என்னால் மறக்க முடியவில்லை. வேலை நேரத்தை மாற்றுவது பற்றிய கூட்டம். பேசியவர் நொடிக்கு நொடி "ரைட்?" போட்டார். நடுவில் ஓர் இளம்பெண்ணின் குரல் "பட் வாட் இஃப்" என்று தொடங்கியது. "வி ஆல் அக்ரீட் ஆன் திஸ், ரைட்?" என்று அவர் மேலேறிப் பேசினார். அவள் மறுபடி ஒருமுறை "பட்" என்றாள். அதற்குப் பிறகு பதிவு முடியும்வரை அந்தக் குரல் இல்லை.

வாடிக்கையாளர் கேட்டிருந்தது கிளீன் வெர்பேட்டிம். விதிப்படி "ரைட்?" எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், முற்றுப்பெறாத தொடக்கங்களையும் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். எல்லோரும் மனமொத்து முடிவெடுத்த கூட்டம் போல இருந்தது அந்தப் பக்கம். ஒலிப்பதிவைத் திரும்ப ஓடவிட்டு, அந்த "பட் வாட் இஃப்", அதன் மேல் விழுந்த "ரைட்?", அடுத்து வந்த ஒற்றை "பட்" மூன்றையும் இருந்த இடத்திலேயே வைத்தேன். பக்கத்தில் நேரக் குறியீடும் போட்டு அனுப்பினேன்.