சின்னக் கேமராவில் தெளிவான படம்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதி "எந்தக் கேமரா வாங்கலாம்" என்பதுதான். அவற்றை ஒதுக்கிவிட்டேன். கையில் இருக்கும் கேமராவில் படம் மங்குகிறது, தருணம் தவறுகிறது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா: மகன் பிறந்தநாளில் மெழுகுவத்தியை ஊதும்போது சரியாகத்தான் பட்டனை அழுத்துகிறேன். படத்தில் பார்த்தால் ஊதி முடித்துப் புகை போய்க்கொண்டிருக்கிறது. கேமரா பழுதா சார்?

பழுதில்லை அம்மா. நீங்கள் பட்டனை அழுத்திய பிறகுதான் கேமரா தன் வேலையையே ஆரம்பிக்கிறது. வெளிச்சத்தை அளக்க வேண்டும், ஃபோகஸ் தேட வேண்டும், ஃப்ளாஷ் இருந்தால் அதற்கும் கணக்குப் போட வேண்டும். இதில் நேரத்தைத் தின்பது ஃபோகஸ். பெரும்பாலான சின்னக் கேமராக்கள் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் விளிம்புகள் கூர்மையாகத் தெரிகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கும். சரியான இடத்தைத் தாண்டிய பிறகுதான் தாண்டிவிட்டோம் என்பது அதற்குத் தெரியும்; அப்புறம் திரும்பி வரும். பழைய மாடல்களில் இதற்கே அரை விநாடி போய்விடும். ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு வெறும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்தால் ஒரு விநாடிகூட ஆகலாம்.

அதனால் இந்த வேலையை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பையன் கேக் முன்னால் வந்து நின்றதும், அவன் முகத்தின் மேல் வைத்துப் பட்டனைப் பாதி மட்டும் அழுத்துங்கள். பச்சைச் சதுரம் வரும். விரலை எடுக்காமல் அப்படியே பிடித்திருங்கள். பாட்டு முடிந்து அவன் மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்பும்போது மீதிப் பாதியை அழுத்துங்கள். ஊதும்போது இல்லை, கன்னத்தை உப்பும்போதே. நம் கண் பார்த்து விரல் அசையவே ஏறக்குறைய கால் விநாடி ஆகிறது. பின்பக்கத் திரை காட்டும் காட்சியும் கொஞ்சம் பழசுதான். கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் எப்போதும் தாமதம்தான்.

இடையில் நீங்களோ பையனோ முன்பின் நகர்ந்துவிட்டால் விரலை விட்டு மறுபடி பாதி அழுத்த வேண்டும். அப்புறம், மெனுவில் கண் படத்தோடு ஒரு ஃப்ளாஷ் குறி இருக்கும், சிவப்புக் கண்ணைத் தடுக்கும் வசதி. அதை முதலில் அணையுங்கள். நிஜ ஃப்ளாஷுக்கு முன்னால் ஒரு விளக்கை எரித்து நேரத்தைக் கடத்துவது அதுதான்.

திருச்சியிலிருந்து: பாதி அழுத்தும் வித்தையெல்லாம் தெரியும். ஆனாலும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் மங்கல். லென்ஸே மட்டமா?

லென்ஸைத் திட்டுவதற்கு முன்னால், அது என்ன மாதிரி மங்கல் என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

படத்தில் இருக்கும் எல்லாமே, சுவர், நாற்காலி, ஆள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. குறிப்பாக, பின்னால் இருக்கும் சின்னச் சின்ன விளக்குகளைப் பாருங்கள். புள்ளியாக இல்லாமல் கோடாகவோ புழு மாதிரியோ இருக்கும். சுவரும் நாற்காலியும் தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலைந்திருந்தால் அவர் அசைந்திருக்கிறார். ஆள் மங்கி, அவருக்குப் பின்னால் இருக்கும் காலண்டர் எழுத்து படிக்கும்படி இருந்தால் ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது.

கை ஆடியதற்கு, ஜூம் எவ்வளவோ அவ்வளவு வேகமான ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு, வேண்டும். 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் உங்கள் ஜூம் 100 மி.மீ. என்றால் குறைந்தது 1/100 விநாடி, 300 என்றால் 1/300. நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் இதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் அந்த வசதி உங்கள் கையைத்தான் சமாளிக்கும், ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. "ஸ்டெபிலைசர் போட்டும் மங்குகிறதே" என்பவர்கள் பாதிப் பேர் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். ஆள் அசைவதற்கு ஒரே மருந்து ஷட்டர் வேகம்: நடப்பவருக்கு 1/125, ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு 1/500. மெனுவில் ஷட்டரை நீங்களே வைக்க வழியில்லையென்றால், ஓடுகிற ஆள் படம் போட்ட விளையாட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். அது வேகத்தைத்தான் கூட்டுகிறது.

ஃபோகஸ் தப்பியதற்குக் காரணம், பெரும்பாலும் கேமராவே பல இடங்களில் ஒன்றைத் தானாகத் தேர்ந்தெடுப்பது. நடுப்புள்ளி மட்டும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் வெள்ளைச் சட்டையில் புள்ளியை வைத்தால் கேமரா பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் தடுமாறும். சட்டைப் பட்டன், கண், மீசை என்று விளிம்பு இருக்கும் இடத்தில் வையுங்கள்.

பிடிக்கும் விதத்தையும் பாருங்கள். கையை நீட்டி இரண்டு விரலால் கேமராவைப் பிடித்து எடுப்பவர்கள்தான் அதிகம். முழங்கை இரண்டும் விலாவில் ஒட்டியிருக்கட்டும். கழுத்தில் மாட்டும் நீளமான பட்டை இருந்தால், அது விறைப்பாகும் வரை கேமராவை முன்னால் தள்ளிப் பிடியுங்கள். நடுக்கம் நன்றாகக் குறையும்.

சேலத்திலிருந்து: எஃப் 8 வைத்தால் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக வரும் என்று ஒரு ஸ்டுடியோக்காரர் சொன்னார். என் சின்னக் கேமராவில் அது இன்னும் மோசமாக இருக்கிறது.

அவர் சொன்னது பெரிய கேமராவுக்குச் சரி. எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சுருங்கும். உங்களுடையதில் படம் பதியும் சென்சாரே ஏறக்குறைய 6 மி.மீ.க்கு 4.5 மி.மீ. அவ்வளவு சின்னதில் துவாரத்தைக் குறுக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, நுணுக்கங்கள் கரைந்துவிடும். எஃப் 4-ஐத் தாண்டாதீர்கள். முன்னும் பின்னும் தெளிவாக வரும் ஆழத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஜூம் போடாமல் இரண்டு மீட்டரில் ஃபோகஸ் வைத்தாலே ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும்.

ஒரு கல்லூரி மாணவர்: மெகாபிக்சல் அதிகமுள்ளதை வாங்கினால் தெளிவு கூடுமா?

ஆடின கையை இன்னும் பெரிதாகக் காட்டும்.

கும்பகோணத்திலிருந்து: தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் கேமரா எடுக்கவே மறுத்தது. ஏதோ சின்னக் குறி சிமிட்டிக்கொண்டே இருந்தது. அடுத்த மாதம் தம்பி கல்யாணம். என்ன செய்யலாம்?

சிமிட்டியது ஃப்ளாஷ் சார்ஜ் ஆகும் குறி. சின்னக் கேமராவில் முழு பலத்தோடு ஒருமுறை அடித்தால் மறுபடி தயாராக நாலைந்து விநாடி பிடிக்கும், பேட்டரி இறங்கியிருந்தால் இன்னும் அதிகம். மேளக்காரரைப் பார்த்துக் "கெட்டிமேளம்" என்று குரல் வந்ததும் எல்லோரும் பதற்றத்தில் படபடவென்று எடுத்துவிடுகிறார்கள், மாப்பிள்ளை முடிச்சுப் போடும்போது கேமரா மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

குரல் வந்த பிறகு, முடிச்சுப் போடும் வரை ஒரு படமும் எடுக்காதீர்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் பொண்ணின் நெற்றிச்சுட்டியிலோ நெக்லஸிலோ வைத்துப் பாதி அழுத்திக் காத்திருங்கள். இப்போதே பிடித்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அட்சதை பறக்க ஆரம்பித்ததும் அரிசியும் பூவும் நடுவில் தூக்கிய கைகளும் ஃபோகஸைத் திருடிவிடும். பிடித்து வைத்திருந்தால் என்ன பறந்தாலும் கவலையில்லை. கை பின்கழுத்துக்குப் போனதும் அழுத்துங்கள்.

மண்டபத்தில் வீடியோக்காரர் விளக்குப் போட்டிருந்தால் ஃப்ளாஷையே அணைத்துவிட்டு, கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 800-இல் வைத்து, தொடர்ச்சியாக எடுக்கும் முறையில் போடுவது என் விருப்பம். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும். வரட்டும். புள்ளி விழுந்த படத்தை ஆல்பத்தில் ஒட்டலாம், கலைந்த முகத்தை ஒட்ட முடியாது. ஆனால் கவனியுங்கள், விலை குறைந்த பல கேமராக்களில் தொடர் முறையில் முதல் படத்தின் ஃபோகஸே கடைசிவரை இருக்கும். மணமேடையில் யாரும் ஓடப்போவதில்லை என்பதால் இங்கே பாதகமில்லை.

எங்கே நிற்பது என்பதை வீடியோக்காரரிடம் காலையிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எந்த மெனுவிலும் இல்லாத அமைப்பு அது.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் வருகிறது. கமராவில் முப்பது மடங்கு ஜூம் இருக்கு. ஒத்திகையில் எடுத்துப் பார்த்தேன், முகம் வெள்ளையாய் எரிஞ்சு, கை கால் எல்லாம் கலைஞ்சு போச்சு.

முதலில் இருக்கையை மாற்றுங்கள் தங்கச்சி. ஜூமை நீட்ட நீட்ட லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். எஃப் 2.8-இலிருந்து 5.6-க்கு வந்தால் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதை ஈடுகட்ட ஷட்டர் நாலு மடங்கு மெதுவாகும். பின்வரிசையில் உட்கார்ந்து முழு ஜூம் போடுவதைவிட, முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து குறைந்த ஜூமில் எடுப்பது பல மடங்கு நல்லது. டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடுங்கள், அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான்.

முகம் எரிவதற்குக் காரணம் பின்னால் இருக்கும் கறுப்புத் திரை. கேமரா அந்தக் கறுப்பையும் சேர்த்து அளந்து, காட்சி இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது. கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டனில் கழித்தல் 1 வையுங்கள். முகமும் சரியாகும், ஷட்டரும் இரண்டு மடங்கு வேகமாகும். ஒரே மாற்றத்தில் இரண்டு லாபம் கிடைப்பது அபூர்வம். 1/250 வந்தால் நல்லது, 1/125-க்குக் கீழே விடாதீர்கள். ஃப்ளாஷ் வேண்டாம், அது மூன்று நாலு மீட்டரோடு நின்றுவிடும், முன்னால் இருப்பவர்களின் தலைதான் பளிச்சென்று வரும். ஆடுகிற பிள்ளைக்கும் கண் கூசும்.

இனித் தருணம். இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: காதால் படம் எடுக்கலாம். ஜதி முடியும் இடத்தில் தீர்மானம் என்னும் முடிக்கும் சொற்கட்டு மூன்று முறை வரும். நட்டுவாங்கத்தில் "ததிங்கிணதோம்" முதல் தடவை கேட்டதும் பாதி அழுத்துங்கள். மூன்றாவது முடியும் அடியில் மகள் ஒரு நிலையில் வந்து நிற்பாள். அந்த அடி விழும்போதே அழுத்துங்கள். ஒத்திகையில் கேட்டுப் பழகிய அம்மாவுக்கு எந்தப் புகைப்படக்காரரையும்விட இது சுலபம்.

குதிக்கும் அடவுகளில் உச்சியைக் குறிவையுங்கள். எவ்வளவு உயரம் குதித்தாலும், உச்சிக்கு ஐந்து செ.மீ. கீழே இருந்து மேலே போய்த் திரும்ப அதே இடத்துக்கு வர ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். அந்த நேரத்தில் உடம்பு அனேகமாக நிற்கிறது. கால் தரையை விடும்போதே விரல் இறங்கினால் உச்சி கிடைக்கும். அபிநயப் பகுதியில் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, முகத்தைப் பார்த்து நிதானமாக எடுங்கள்.

செங்கல்பட்டிலிருந்து: வேடந்தாங்கல் போய் வந்தேன். உட்கார்ந்த பறவை சுமாராக வருகிறது. பறப்பது ஒன்றுகூட உருப்படியில்லை.

பறவையைத் துரத்தாதீர்கள். முழு ஜூமில் பறக்கும் பறவையைத் திரையில் கண்டுபிடிப்பதற்குள் அது போய்விடும். ஏரிக்கரையில் நின்று, கூடுகள் நிறைந்த ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். மாலையில் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும்போது அவை வரப்போகிற இடம் அதுதான். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் அவை உங்களைப் பார்த்தபடி இறங்கும். மஞ்சள்மூக்கு நாரை மாதிரிப் பெரிய பறவை இறங்கும்போது சிறகை விரித்து வேகத்தை அடக்கும். சின்னக் கேமராவுக்கு வாகான நேரம் அது. 1/1000 வையுங்கள், தொடர் முறையில் போடுங்கள். முழு ஜூமுக்குப் பதில் முக்கால் ஜூம் போதும், சிறகு வெட்டுப்படாது.

மதியம் எடுத்த படங்கள் மங்கினால் கேமராவையும் உங்களையும் திட்ட வேண்டாம். வெயிலில் தண்ணீருக்கு மேலே காற்று அலையடிக்கிறது. அதற்கு எந்த அமைப்பிலும் மருந்தில்லை, காலையிலேயே போவதைத் தவிர.

சிங்கப்பூரிலிருந்து: ரிக்கோ ஜிஆர் 3 வைத்திருக்கிறேன். லிட்டில் இந்தியா தெருக்களில் எடுக்கும்போது ஃபோகஸ் பச்சையாவதற்குள் ஆள் கடந்துவிடுகிறார்.

ஃபோகஸையே விட்டுவிடுங்கள். உங்கள் கேமராவில் ஸ்னாப் ஃபோகஸ் இருக்கிறது. தூரத்தை 2.5 மீட்டரில் வைத்து, எஃப் 8 வையுங்கள். சேலத்துக்காரருக்கு வேண்டாம் என்றேன், உங்களுக்குச் சரி, ஏனென்றால் உங்கள் சென்சார் பெரியது. உங்களுடைய 18.3 மி.மீ. லென்ஸில் இப்படி வைத்தால் 1.2 மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாம் தெளிவு. பட்டனை ஒரே மூச்சில் முழுக்க அழுத்தினால் தேடாமல் எடுத்துவிடும். பகல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ தானாக மாறும்படி விட்டு, ஷட்டர் 1/250-க்குக் கீழே போகாமல் வரம்பு வையுங்கள்.

கோவையிலிருந்து: என் ஃபோனே தொட்டதும் எடுக்கிறது. பிறகு எதற்கு இந்தப் பாதி அழுத்தும் சிரமமெல்லாம்?

நியாயமான கேள்வி. பல ஃபோன்கள் கேமராவைத் திறந்ததிலிருந்தே படங்களை நினைவில் நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் தொட்டதும் அந்தக் கணத்துப் படத்தை எடுத்துத் தருகின்றன. அறைக்குள் பிள்ளைகளை எடுக்க ஃபோன் போதும் என்றால் நான் மறுக்க மாட்டேன். நாரையை எடுக்க அது வராது.

நாகப்பட்டினத்திலிருந்து: கேமரா வாங்கி வெகுநாள் ஆகிறது. இப்போது எல்லாப் படமும் பனி மூட்டம் மாதிரி. ஒரு ஓரம் மட்டும் அதிகமாக மங்குகிறது.

இரண்டும் தனித்தனி. மூட்டத்துக்கு முதல் சந்தேகம் விரல் ரேகை. வாயால் ஊதாமல், ஊதுபம்பால் தூசியைப் போக்கிவிட்டு, மெல்லிய சுத்தமான பருத்தித் துணியால் வட்டமாகத் துடையுங்கள். போகவில்லையென்றால் இருட்டில் டார்ச்சைச் சாய்த்து லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். வேர் மாதிரி, சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஈரத்தில் தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் வரும். இனி மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஓரம் மங்குவதற்கு, சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டி, கேமராவை நேர் எதிரே மேசையில் வைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். எழுத்து ஒரு பக்கம் மட்டும் கரைந்திருந்தால் எப்போதோ கீழே விழுந்து லென்ஸ் சாய்ந்திருக்கிறது. பழைய சின்னக் கேமராவில் அதைச் சரிசெய்யக் கேட்கும் கூலிக்கு, நல்ல நிலையில் இருக்கும் பழையது ஒன்றே கிடைத்துவிடலாம். விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.