காசு கொடுத்து வாங்கிய கோலம் யாருடையது?

கேள்வி: முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறேன். தீபாவளி, கார்த்திகை, பொங்கல் மூன்றுக்கும் அட்டைப்பெட்டி டிசைன் செய்ய 20,000 ரூபாய் கொடுத்தேன். கோலம், கோபுரம், குத்துவிளக்கு, மயில் எல்லாம் போட்டுக் கொடுத்தார். இப்போது அதே கோலம் இன்னொரு கடைப் பெட்டியிலும் இருக்கிறது. இது என்னுடையதா இல்லையா? - வாசகி, திருச்சி.

பதில்: கோலம் போடும் மரபு யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஒருவர் சொந்தமாக வரைந்த குறிப்பிட்ட படத்துக்குத்தான் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. இதுபோன்ற டிசைனுக்குப் பணம் கொடுத்துவிட்டால் மட்டும் அந்த உரிமை பொதுவாக உங்களுக்கு வந்துவிடாது. உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக வரைந்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். சிங்கப்பூருக்கு முறுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களிடம் மாதச் சம்பளத்தில் இருப்பவர் தன் வேலையாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுடையது. சம்பளம் என்றால் நிஜமான சம்பளம். நாத்தனார் மகள் இரண்டு நாள் வந்து வரைந்து கொடுத்தாள், பதிலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தேன் என்றால் அவள் ஊழியர் ஆகிவிடமாட்டாள். அவளிடமும் எழுதித்தான் வாங்கவேண்டும்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகமே வேறு. இணையத்தில் விற்கும் ரெடிமேட் படத்தை இறக்கி, கடைப் பெயரை மட்டும் மாற்றித் தருபவர்கள் ஏராளம். தன்னிடம் இல்லாத உரிமையை அவர் எப்படி எழுதித் தருவார்? பென்சிலில் போட்ட முதல் வரைவையும், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேளுங்கள். சொந்தமாக வரைந்தவரிடம் பெரும்பாலும் இவை இருக்கும். ஏஐ செயலியில் எடுத்த படமாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, சிக்குக் கோலமானால் இழையின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எத்தனை இழை இருந்தாலும் ஒவ்வொன்றும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரவேண்டும். நடுவில் அறுந்தாலோ, ஒரு புள்ளி சுற்றப்படாமல் நின்றாலோ அதை வாங்காதீர்கள்.

"ஒரே வாரத்தில் காப்பிரைட் எடுத்துத் தருகிறேன்" என்று வரும் ஏஜென்ட்டையும் நம்பாதீர்கள். விண்ணப்பித்த பிறகு ஆட்சேபனைக்காகவே 30 நாள் காத்திருக்க வேண்டும். பெட்டியில் போடும் படம் என்றால் டிரேட்மார்க் அலுவலகத்திலும் தனியாகச் சான்றிதழ் வாங்கவேண்டும். அடுப்படியை விட்டு நகர நேரமில்லாத பெண்ணை ஒரு படத்துக்காக இரண்டு அலுவலகத்துக்கு அலையவிடுவது அநியாயம். இத்தனைக்கும் பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமே இல்லை. வரைந்ததுமே உரிமை பிறந்துவிடுகிறது.

கோபுரமும் மயிலும் எல்லார் பெட்டியிலும் இருக்கிறது, எடுத்துவிடுங்கள். சாமி படமும் வேண்டாம். பெட்டி கடைசியில் குப்பைக்குத்தான் போகும். கோலம் ஒன்றே போதும். உங்கள் வாசலில் போடும் 7 புள்ளி, 4 வரை ஊடுபுள்ளிக் கோலத்தையே எடுங்கள். பொங்கலுக்குச் சுற்றிலும் காவிப் பட்டை. கார்த்திகைக்குப் புள்ளிகள் அகல் சுடராகட்டும். தீபாவளிக்கு நிறம் மட்டும் மாறட்டும். மூன்றிலும் அதே இழை இருந்தால் தூரத்திலிருந்தே உங்கள் பெட்டி என்று தெரியும். மொத்தமாக அடிக்கும் முன் அதே அட்டையில் ஒரு மாதிரி அடித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கோடுகள் மையில் அடைபட்டுப் போகும்.

டிசைனர் வரைவைக் காட்டி எழுதியும் கொடுத்தால் சரி. மழுப்பினால் கையிலிருக்கும் பெட்டியோடு நிறுத்திவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.