பிடரி படிய மாட்டேன் என்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

மினியேச்சர் குதிரை, மட்டக்குதிரை வளர்க்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி பிடரி முடியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பிடரி மட்டும். குளம்பு, தீவனம் எல்லாம் அடுத்த இதழில்.

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு மினியேச்சர் குதிரை வாங்கினோம், மூன்று வயது. பிடரி நடுவில் வகிடு எடுத்த மாதிரி பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் விழுகிறது. தண்ணீர் தொட்டு வாரினால் படிகிறது, காய்ந்ததும் பழைய கதைதான். கோடையில் ஷோவுக்குக் கூட்டிப்போக வேண்டும், என்ன செய்யலாம்?

தண்ணீர் தொட்டு வாரியது சரி, அப்படியே விட்டதுதான் வினை. ஈரமான முடி காய்கிறபோது எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தப் பக்கம்தான் பழகும், அதனால் காயும் வரை அதை அங்கேயே பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். பின்னலைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

முதலில் பக்கத்தை முடிவு செய்யுங்கள். எந்தப் பக்கம் அதிக முடி தானாக விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கே மற்றதையும் கொண்டுவருவது சுலபம். சிக்கை நுனியிலிருந்து விரலால் எடுங்கள், வேரிலிருந்து சீப்பை இழுத்தால் முடி அறுந்து நாளைக்கு அதுவே குத்திட்டு நிற்கும். பளபளப்புக்கு அடிக்கிற சிலிகான் ஸ்ப்ரே இருந்தால் கழுவிவிடுங்கள், அது இருந்தால் பின்னல் வழுக்கி அவிழ்ந்துவிடும். அப்புறம் வேரை நன்றாக நனைத்து, இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பின்னலாகப் பிரித்துக்கொண்டு, கையைக் கழுத்தோடு ஒட்டிக் கீழ்நோக்கி வைத்தபடியே பின்னுங்கள். மேலே தூக்கிப் பின்னினால் பின்னலும் மேலேயே நிற்கும். முதல் இரண்டு மடிப்பு தளர்வாக இருக்கட்டும், நுனியில் சின்ன ரப்பர் பேண்ட் போதும்.

இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரு வழி: குதிரையைத் தலை குனிந்து புல் மேய விடுங்கள். வேர்ப் பக்கத்தில் தோல் சின்னச் சின்னப் புடைப்பாக எழும்பி இழுபட்டால் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை அப்படியே விட்டால் ராத்திரி முழுக்க வேலிக் கம்பத்தில் கழுத்தைத் தேய்த்து, காலையில் ஒரு கொத்து முடி கம்பத்தில் இருக்கும்.

சில நாள் விட்டு, அதிகம் போனால் ஒரு வாரம், அவிழ்த்து வாரி, நனைத்து மறுபடி பின்னுங்கள். இப்படிப் பல வாரம் ஆகும். ஒரே ராத்திரியில் படிய வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். லைக்ரா துணியில் கழுத்துக்கு உறை விற்கிறார்கள், ஷோவுக்கு முந்தின ராத்திரி லாயத்துக்குள் போட நல்லதுதான். ஆனால் டெக்சாஸ் வெயிலில் பகலில் போட்டால் உள்ளே வேர்த்து அரிப்பு வரும், மேய்ச்சல் நிலத்தில் போட்டால் எங்கேயாவது மாட்டிக்கொள்ளும்.

இந்தக் குட்டைக் குதிரைகளுக்கு பிடரி அடர்த்தி அதிகம், அதுவே படியாமல் இருக்கக் காரணமாகவும் இருக்கலாம். அப்படியானால் அடிப்பக்கத்திலிருந்து மட்டும், ஒரு தடவைக்குக் கொஞ்சமாக, முடியைக் குறைக்கலாம். மேல் அடுக்கில் கத்தரி வைத்தால் வெட்டுப்பட்டது வளரும்போது நட்டுக்கொண்டு நிற்கும், அதை எந்தப் பின்னலாலும் படுக்க வைக்க முடியாது. காதுக்குப் பின்னால் கடிவாள வார் உட்கார வழிக்கிற இடத்துக்கும் இதே எச்சரிக்கை. காதைப் பின்பக்கமாக மடித்தால் நுனி எதுவரை போகிறதோ அதுவரை போதும். கழுத்து நீளமாகத் தெரிய ஷோக்காரர்கள் இன்னும் இறக்கி வழிப்பார்கள், ஆனால் கை தவறி அதிகமாகப் போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: பிடரி வலப்பக்கம்தான் விழ வேண்டும் என்கிறார்களே, கட்டாயமா?

இல்லை. ஆங்கிலேய பாணிக் குதிரையேற்றத்தில் வலப்பக்கம் என்பது பழைய வழக்கம். மினியேச்சரில் பெரியவர்கள் யாரும் ஏறப்போவதில்லை. இடப்பக்கம் அழகாகப் படிந்தால் அப்படியே விடுங்கள்.

கேள்வி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு மட்டக்குதிரைக் குட்டி வாங்கினோம். பிடரி குத்திட்டு நிற்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் படியுமா சார்?

படியும், வெயில் ஏறும் வரைக்கும். அப்புறம் தெருப் புழுதி மொத்தமும் அதில்தான் இருக்கும். வால் சிக்கெடுக்க உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுக்கொள்வதில் தப்பில்லை, பிடரிக்கு வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு என்று யாராவது யோசனை சொன்னாலும் வேண்டாம், ஈ மொய்க்கும்.

அதைவிட முக்கியம், குட்டிக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வயதுக்குள் இருந்தால் நிற்கத்தான் செய்யும், முடி நீண்டு கனம் ஏறினால் தானாகச் சாயும். அதுவரை தினமும் ஈர பிரஷ்ஷால் ஒரு பக்கமாகத் தள்ளிவிடுங்கள், போதும். சந்தையில் வாங்கும்போது சுழி பார்த்திருப்பீர்கள். கழுத்து மேட்டை ஒட்டிச் சுழி இருந்தால் அந்த இடத்து முடி மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பும். அது ராசிக் கணக்கில் சேருமோ என்னவோ, பிடரிக் கணக்கில் அங்கே ஒரு பின்னல் கூடுதல்.

கேள்வி: எங்கள் குதிரை 34 அங்குலத்துக்கு மேல் ஒரு மயிரிழை இருக்கும்போல. பிடரியின் கடைசி முடிகளைப் பிடுங்கிவிட்டால் அளவு குறையும் என்கிறார் மச்சினர். உண்மையா? (ஹூஸ்டன்)

மச்சினருக்கு அந்த யோசனை வந்ததன் காரணம் புரிகிறது. 1978இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தில் உயரத்தை முதுகின் உச்சிமேட்டில் அளப்பதில்லை, பிடரியின் கடைசி முடி முளைக்கிற இடத்தில்தான் அளவுகோல் வைப்பார்கள். அங்கே 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதனால் அந்தக் கடைசிக் கொத்துதான் அளவுக்கே அடையாளம். அதைத் தொடாதீர்கள், மச்சினரையும் சீப்பும் கையுமாக லாயத்துப் பக்கம் விடாதீர்கள். 38 அங்குலம் வரைக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிற பதிவு அமைப்பும் அங்கேயே இருக்கிறது, அதை விசாரியுங்கள்.

கேள்வி: மெல்பர்ன் புறநகர். எங்கள் மினியேச்சருக்குப் பிடரி வலப்பக்கம் நன்றாகத்தான் படிந்திருந்தது. இப்போது கொஞ்ச நாளாக இடப்பக்கம் சாய்கிறது, பின்னி வைத்தும் நிற்கவில்லை. கழுத்தின் மேல்பக்கம் தடித்துக் கெட்டியாக இருக்கிறது.

சீப்பைக் கீழே வையுங்கள். இது முடி விஷயம் இல்லை, கழுத்து மேட்டில் கொழுப்பு சேர்ந்து அதுவே ஒரு பக்கம் சாய்கிறது. முடி அதோடு போகிறது.

மேட்டை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்துப் பாருங்கள். லேசாக அசைந்து கொடுக்க வேண்டும், திண்டு மாதிரி அசையாமல் இருந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம். மருத்துவர்கள் இதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் வைத்திருக்கிறார்கள், 3ஐத் தொட்டாலே இன்சுலின் கோளாறு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அந்தக் கோளாறு குளம்புக்குள் அழற்சியாக முடியும், வசந்த காலப் பசும்புல்லை வயிறு முட்ட மேய்கிற குட்டைக் குதிரைகளுக்கு இது வழக்கமாக வருகிற ஆபத்து. குளம்பு சூடாக இருக்கிறதா, திரும்பும்போது காலை எடுத்து வைக்கத் தயங்குகிறதா, காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தானியத்தை நிறுத்துங்கள், வாய்க்கூடு போட்டு மேய விடுங்கள், உலர்ந்த புல்லை ஊற வைத்து நீரை வடித்துக் கொடுங்கள். ஆனால் பட்டினி போடாதீர்கள். சாப்பாடு திடீரென்று நின்றால் இந்த இனத்துக்கு உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். மேடு ஒருமுறை முழுதாகச் சாய்ந்துவிட்டால் உடம்பு இளைத்தாலும் பெரும்பாலும் நிமிராது. அதனால் பிடரி இனி இடப்பக்கம்தான் என்றால் அதற்கும் தயாராக இருங்கள்.

கேள்வி: மழைக்காலம் வந்தாலே எங்கள் மட்டக்குதிரை பிடரியைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து திட்டுத் திட்டாக முடியை இழந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது நட்டுக்கொண்டு நிற்கிறது. (பொள்ளாச்சி)

கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கடி ஈக்கள் இருக்கின்றன, ஆட்டுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருகிற அதே கூட்டம். சில குதிரைகளுக்கு அதன் கடி ஒத்துக்கொள்ளாது, பிடரியும் வாலடியும்தான் முதலில் அரிக்கும். மழைக்காலத்தில் மட்டும் வருகிறது என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம்தான், பேன் இருக்கிறதா என்பதையும் வேரைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

அந்த ஈக்கு விடியலும் அந்தியும்தான் நேரம். அப்போது குதிரையைக் கொட்டகைக்குள் கட்டி மின்விசிறியைப் போட்டுவிடுங்கள், காற்றில் அதற்குப் பறக்க வராது. ஈரச் சாணமும் சேறும்தான் அது பெருகுகிற இடம், கொட்டகையைச் சுற்றித் தேங்க விடாதீர்கள். கழுத்தோடு மூடுகிற மெல்லிய பருத்தித் துணி உதவும். தோல் வெடித்து நீர் வடிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அரிப்பு அடங்கும் வரை பின்னல் வேண்டாம், அதைப் பிடித்தே இன்னும் தேய்க்கும். புதிதாக முளைப்பது ஒரு விரல் நீளம் வரும்வரை நட்டுக்கொண்டுதான் இருக்கும், பார்க்கச் சகிக்கவில்லை என்று வெட்டிச் சமப்படுத்திவிடாதீர்கள். அந்த நீளம் வந்ததும் பக்கத்தில் உள்ள பழைய முடியோடு சேர்த்துப் பின்ன ஆரம்பிக்கலாம்.