சூப்பர் ஹீரோ கதைகளில் ஆண் பலம், பெண் பலம்: கேள்வி பதில்

காமிக்ஸ் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஆண் ஹீரோ, பெண் ஹீரோ பலம் பற்றித்தான், அதனால் இந்த முறை அது மட்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்தப் பாத்திரமானாலும் முதலில் எந்த வருஷத்து இதழ் என்று பாருங்க. ஒரே ஆள் பத்து வருஷத்தில் வேறு ஆளாகியிருப்பார்.

ஈரோடு: அக்கா, சூப்பர்மேனும் வொண்டர் வுமனும் மோதினால் யார் ஜெயிப்பாங்க?

எழுதுகிறவர் யாரை ஜெயிக்க வைக்கிறாரோ அவர். 1938ல் சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது, 200 மீட்டர் தாவுவார், அவ்வளவுதான். வருஷம் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

கோபி: வொண்டர் வுமன் ஆரம்பத்திலிருந்தே பலசாலிதானேங்க? அப்புறம் பெண்களுக்குக் குறைச்சுட்டாங்கன்னு ஏன் சொல்றாங்க?

பலசாலிதான். 1941ல் அவரை உருவாக்கிய வில்லியம் மார்ஸ்டன் ஒரு உளவியலாளர், பெண்களே உலகை ஆள வேண்டும் என்று நம்பியவர். ஆனால் அவரே ஒரு விதியும் வைத்தார்: ஒரு ஆண் அவருடைய கைவளைகளைச் சங்கிலியால் பிணைத்துவிட்டால் பலம் முழுக்கப் போய்விடும். சூப்பர்மேனுக்கு ஆபத்து வேற்றுக்கிரகத்துக் கல்லிலிருந்து வந்தது, இவருக்கோ எந்த ஆணாலும் வரலாம். 1942ல் ஹீரோக்கள் சங்கத்தில் சேர்த்தார்கள், செயலாளராக. மற்றவர்கள் சண்டைக்குப் போக, இவர் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1968ல் பலத்தையே பிடுங்கித் துணிக்கடை நடத்த வைத்தார்கள். 1972ல் குளோரியா ஸ்டைனம் தன் பெண்ணியப் பத்திரிகையின் அட்டையில் பழைய உடையோடு அவரைப் போட்டார், அடுத்த வருஷம் பலம் திரும்பியது. அதனால் யாருக்கு எத்தனை டன் தூக்க முடியும் என்று கேட்காதீங்க. அந்தப் பலத்துக்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்க.

பொள்ளாச்சி: மறைந்து போவதும் ஒரு சக்திதானே? அதை ஏன் பெண்களுக்கான சின்ன சக்தி என்கிறார்கள்?

அருமையான கேள்வி அம்மணி. நம்மிடமே ஒரு மாயாவி இருக்கிறார். 1972ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். அவர் மறைவது உள்ளே நுழைந்து அடிப்பதற்கு. 1961ல் ஃபென்டாஸ்டிக் ஃபோரில் வந்த சூ ஸ்டோர்மும் மறைவார், ஆனால் தொடக்க இதழ்களில் ஒளிந்துகொள்வதும் பிடிபடுவதுமே அவர் வேலை. 1964ல் அரண் போடும் சக்தி கொடுத்த பிறகுதான் அந்தக் குழுவுக்கே அவர் முதுகெலும்பானார். சக்தி ஒன்றேதான், அதை வைத்து என்ன செய்ய விட்டார்கள் என்பதில் வித்தியாசம்.

திருப்பூர்: பேட்மேன் ஜெயிப்பாரா, வொண்டர் வுமனா?

ஈரோட்டுக்குச் சொன்னதேதான்.

கரூர்: நிபந்தனை பெண்ணுக்கு மட்டுமா? ஹல்க்கும் கட்டுப்பாடில்லாமல் ஊரையே நொறுக்குகிறானே?

நொறுக்குகிறான், ராணுவமும் துரத்துகிறது. ஆனால் கோபம் ஏற ஏற பலம் ஏறும், கடைசியில் அந்தக் கோபம்தான் எல்லோரையும் காப்பாற்றும். எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரேயை எடுத்துக்கொள்ளுங்க, மனதைப் படிப்பார், தொடாமலே பொருளை நகர்த்துவார். 1976ல் ஃபீனிக்ஸ் என்ற பெரும் அண்ட சக்தி வந்தது, 1980ல் அந்தச் சக்தியாலேயே தடுமாறி ஒரு நட்சத்திரத்தை விழுங்கினார். கதையை எழுதியவர்கள் சக்தியை மட்டும் எடுத்துவிட்டு உயிரோடு விடுவதாக முடித்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒத்துக்கொள்ளாததால் சாகடித்தார்கள்.

கரூர் மறுபடியும்: அந்த நட்சத்திரத்தோட கிரகத்தில் 500 கோடிப் பேர் செத்தாங்க. ஆணாக இருந்தாலும் அதே தண்டனைதான்.

இல்லைங்க. 1994ல் ஹால் ஜோர்டன், அதாவது கிரீன் லேன்டர்ன், தன் படையினரையே தாக்கி, சிலரைக் கொன்று, படையையே அழித்தார். 2004ல் தொடங்கிய கதையில், அது அவர் செய்ததில்லை, உள்ளே புகுந்த ஒரு பயப் பிசாசு செய்தது என்று சொல்லி, அவருக்குச் சக்தி தரும் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கரூர்: ஜீனையும் 1986ல் அதே சாக்குச் சொல்லித் திருப்பிக் கொண்டு வந்தாங்களே!

வந்தாங்க. எப்படி வந்தாங்க என்று பாருங்க. ஃபீனிக்ஸ் கிடையாது, மனதைப் படிக்கும் பழைய சக்தியும் அப்போது கிடையாது, பொருளை நகர்த்துவது மட்டும்தான் மிச்சம். ஹால் முழுப் பலத்தோடு வந்தார். மன்னிப்பு இருவருக்கும் கிடைத்தது, பலம் ஒருவருக்குத்தான் முழுசாகக் கிடைத்தது. நான் சொல்கிற நிபந்தனை இதுதான்.

பல்லடம்: அப்போ ஷி-ஹல்க்?

எனக்கு ரொம்பப் பிடித்தவர். 1980ல் வந்தார், முதலில் கொஞ்சம் மூர்க்கம், போகப் போக அறிவு மாறாமல் பச்சை உருவத்திலேயே இருக்க விரும்புகிற வக்கீல். ஹல்க்காக மாறும் பேனர் சாபம் என்று அழுததை இவர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். பெண் பலசாலியாக இருப்பதில் சந்தோஷப்படலாம் என்று காட்டிய கதைகள் ரொம்பக் குறைவு.

கோவை, ஓவியம் படிக்கும் தம்பி: பலசாலிப் பெண்ணை எப்படி வரைவது? எனக்கு மாடல் பெண் மாதிரியே வருகிறது.

சூப்பர் ஹீரோ இதழ்களைப் பார்த்து வரையாதே கண்ணு. முதுகை முறுக்கி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே கட்டத்தில் காட்டும் வழக்கம் அங்கே ஊறிப்போயிருக்கிறது. 2012ல் இணையத்தில் ஓவியர்கள் ஹாக்ஐ என்ற வில்லாளி ஆண் ஹீரோவை அதே நிலைகளில் நிற்க வைத்து வரைந்து காட்டினார்கள், பார்த்ததுமே தப்பு தெரிந்தது. நீயும் உன் படத்தில் ஒரு ஆணை அப்படி நிறுத்திப் பார். அப்புறம் கர்ணம் மல்லேஸ்வரியின் படங்களைத் தேடு. 2000ல் சிட்னியில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கியவர். தொடை, தோள், கால் ஊன்றும் விதம், எடை எங்கே இறங்குகிறது, எல்லாம் அதில் இருக்கிறது.

தாராபுரம்: நம்ம ஊர்க் கதைகளில் இந்தப் பாகுபாடு கிடையாது, சரிதானே?

இருக்குங்க. உடுக்கையடித்துப் பாடும் அண்ணமார் சாமி கதையைக் கேளுங்க. பொன்னரும் சங்கரும் வாளெடுத்துப் போகிறார்கள். தங்கை தங்காளுக்கு நடக்கப்போவது முன்னாலேயே தெரியும், படுகளத்தில் கிடக்கும் அண்ணன்களை எழுப்பும் சக்தியும் அவளுக்கு உண்டு. சாவையே திருப்புகிறவள் களத்துக்கு வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். ஆனாலும் அவளைச் சின்னவளாக யாரும் பாடுவதில்லை, அவள் அழும் இடத்தில் கூட்டமே அழுகிறது.

நாமக்கல்: பழைய முத்து காமிக்ஸ் என்ன விலை போகும்?

விலை பேசுவது என் வேலை இல்லை, சேகரிப்பவர்களிடம் கேளுங்க.

சத்தி: தோர் பெருசா, கேப்டன் மார்வெல் பெருசா?

மூன்றாவது தடவை. எந்த வருஷம்? அதைச் சொல்லாமல் இனி இப்படிக் கேட்டால் பதில் வராது.

காங்கேயம்: எட்டு வயசுப் பெண்ணும் ஆறு வயசுப் பையனும் இருக்காங்க. பெண்ணுக்கு எந்தப் பெண் ஹீரோ வாங்கித் தரலாம்?

பெண்ணுக்கு மட்டும் ஏன் வாங்குறீங்க? அதே புத்தகத்தைப் பையனுக்கும் படித்துக் காட்டுங்க. வாங்கும் முன் கடையிலேயே கடைசிச் சண்டைப் பக்கங்களைப் புரட்டுங்க. முடிக்கிற அடி அவளுடையதா, இல்லை யாராவது வந்து காப்பாற்றுகிறார்களா என்று பாருங்க. அவளுடையது என்றால் வாங்கலாம். மாடஸ்டி பிளைசி இப்போதைக்கு வேண்டாம், அது பெரியவர்களுக்கு. 1984ல் லயன் காமிக்ஸ் முதல் இதழே அவர் கதைதான், பதினாறு வயசானதும் எடுத்துக் கொடுங்க.