கால் பெருவிரல் வீக்கத்துக்குச் சாளை மீன் மட்டும்தான் காரணமா?

குழித்துறைக்கு அருகிலிருந்து எழுதியிருக்கும் வாசகர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி; வயது 48. நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை உரசினாலே உயிர் போகும்படி வலிப்பதாகச் சொல்கிறார். அந்த வலியோடு பரிசோதித்தபோது யூரிக் ஆசிட் 5.9 என்று வந்ததால், இது கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாத நோய்) அல்ல என்று சொல்லிவிட்டார்களாம். சாளையையும் பருப்பையும் நிறுத்திய பிறகும் வலி திரும்பியிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாறசாலைப் பக்கம் போய்க் கள் குடிப்பதுண்டு. இப்போது ஒருவர் வாங்கித் தரும் பொடியைத் தொடரலாமா என்பது அவருடைய கேள்வி.

நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் கௌட்தான். உடலின் செல்கள் அழிந்து புதுப்பிக்கப்படும்போது யூரிக் அமிலம் தானாகவே உண்டாகிறது. சாப்பாட்டிலிருந்து வருவது அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதை வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதி சிறுநீரகத்துடையது. அந்த வேலை மந்தமாகும்போது இரத்தத்தில் தேங்கும் அமிலம், அளவு 6.8ஐத் தாண்டினால், ஊசி போன்ற உப்புப் படிகங்களாக மூட்டில் படியத் தொடங்குகிறது. உடலின் மற்ற இடங்களைவிடப் பெருவிரல் குளிர்ந்திருப்பதால் படிகங்கள் அங்கே எளிதில் சேர்கின்றன. உங்கள் நீர் மாத்திரையும் கள்ளும் இந்தத் தேக்கத்தைக் கூட்டுபவை. பருப்பின் மேல் பழி போட வேண்டாம், தாராளமாகச் சாப்பிடுங்கள். சாளை, நெத்தோலி, ஈரல் ஆகியவற்றைக் குறைத்தால் போதும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், வேறொன்றுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

5.9 என்ற அந்த எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் ஏமாறுபவர்கள் ஏராளம். வலி உச்சத்தில் இருக்கும் நாட்களில் இரத்தத்தில் யூரிக் அமிலம் தற்காலிகமாக இறங்கி, இயல்பான அளவு போலக் காட்டக்கூடும். ஆகவே அன்றைய எண்ணை மட்டும் வைத்துக் கௌட் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வலி முற்றிலும் அடங்கி இரண்டு வாரம் கழித்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினினோடு சேர்த்து மறுபடியும் பரிசோதியுங்கள். அதே சமயம், வலியே இல்லாத ஒருவருக்கு எண் கூடியிருப்பதால் மட்டும் அவர் நோயாளியாகிவிட மாட்டார். முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் கமிஷனுக்கு ஆள் பிடித்து, ஒரு தாளைக் கையில் கொடுத்து, அதன் பொருளை விளக்க ஒருவரும் இல்லாமல் மக்களை அனுப்பிவிடும் இந்த ஏற்பாட்டைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஊசியால் மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் படிகத்தைத் தேடுவதுதான் உறுதியான சோதனை. அதைச் செய்து பார்க்கலாம் என்று யாரேனும் உங்களிடம் சொன்னார்களா?

அந்தப் பொடியை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. பெயரோ உட்பொருள் விவரமோ இல்லாமல் தாளில் மடித்துத் தருவதும், ஒரே நாளில் வலி பறந்துபோவதும், நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாகத் திரும்புவதும் சேர்ந்திருந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அது படிகத்தைக் கரைக்காது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும். வாங்கித் தருபவர் உறவினராகவே இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

அடிக்கடி வலி வந்தால், யூரிக் அமிலத்தை 6க்குக் கீழே வைக்கும் அலோபியூரினால் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். தொடங்கிய மாதங்களில் வலி மீண்டும் வரலாம்; அதற்காக அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் தோலில் தடிப்பு தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பொடியை ஏற்கெனவே சில வாரங்கள் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மிச்சமிருக்கும் பொட்டலத்தோடு இந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள், எப்படிக் குறைப்பது என்பதை அவர் சொல்வார்.