'இஃப்' வரும் வாக்கியத்தில் மெயின் கிளாஸ் எது?

கேள்வி: நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். நாலாம் படிவம் படிக்கும் என் மகள், 'த டேப்பர்ஸ் ஸ்டே ஹோம் இஃப் இட் ரெய்ன்ஸ்' என்ற வாக்கியத்தில் 'இஃப் இட் ரெய்ன்ஸ்'தான் மெயின் கிளாஸ் (வாக்கியத்தின் முதன்மைப் பகுதி) என்று கோடு போட்டாள். ஆசிரியர் தவறு என்றார். வீட்டில் எப்படிப் புரியவைப்பது?

பதில்: சகோதரி, உங்கள் மகளைக் கண்டிக்க வேண்டாம். அவளுடைய தமிழ்க் காதுதான் அவளை அங்கே இழுத்திருக்கிறது. 'மழை பெய்தால் ரப்பர் மரம் சீவுபவர்கள் வீட்டில் இருப்பார்கள்' என்கிறோம். நமக்கு முற்றுவினை கடைசியில் வரும். அதனால் பின்பாதிதான் முக்கியம் என்று சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இடத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. 'இஃப் இட் ரெய்ன்ஸ்' முன்னாலும் வரும், பின்னாலும் வரும். முன்னால் வந்தால் அதன் பிறகு காற்புள்ளி போடுவார்கள், அவ்வளவுதான்.

'பெய்தால்' என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். கேட்பவர் 'பெய்தால் என்ன?' என்பார். அது எச்சம். 'இஃப் இட் ரெய்ன்ஸ்' என்று நிறுத்தினாலும் அதே கேள்விதான் வரும், ஆகவே அது சப்ஆர்டினேட் கிளாஸ், அதாவது இன்னொன்றைச் சார்ந்து நிற்கும் பகுதி. 'த டேப்பர்ஸ் ஸ்டே ஹோம்' தனியாக நிற்கும், அது மெயின். ஒரு எச்சரிக்கை: சோதிக்கும்போது 'இஃப்'பைக் கழற்றிவிடக் கூடாது. வெறும் 'இட் ரெய்ன்ஸ்' முழு வாக்கியம் போலத்தான் தெரியும். பல பிள்ளைகள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நாம் வினையின் வாலில் 'ஆல்' ஒட்டுகிறோம். ஆங்கிலம் அதைத் தனிச் சொல்லாக முன்னால் வைக்கிறது. மலாயில் 'காலாவ் ஹுஜான்' (மழை பெய்தால்) என்பதும் அப்படித்தான். மகளுக்கு அது பழகிய மொழி, அதைக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

அப்புறம், 'அன்லெஸ்' வந்தால் 'பெய்யாவிட்டால்', 'ஈவன் இஃப்' வந்தால் 'பெய்தாலும்'. இரண்டும் எச்சம்தான். 'ஹேட் இட் ரெய்ண்ட், தே வுட் ஹேவ் ஸ்டேய்ட் ஹோம்' என்பதில் 'இஃப்' கண்ணுக்கே தெரியாது. 'பெய்திருந்தால்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் முன்பாதி சப்ஆர்டினேட் என்பது வெளிப்படும்.

கடைசியாக ஒன்று. 'ஐ டோன்ட் நோ இஃப் ஹி இஸ் கமிங்' என்பதைத் தமிழில் சொல்லும்போது 'வந்தால்' என்று வராது, 'வருகிறானா என்று' என வரும். 'இஃப்' இருந்தாலும் அது நிபந்தனை வாக்கியம் இல்லை. அங்கே 'இஃப் ஹி இஸ் கமிங்' என்பது 'நோ'வின் செயப்படுபொருளாக நிற்கும் சப்ஆர்டினேட் கிளாஸ்.