பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: கட்டடக்கலைப் படிப்பும் உரிமமும்

கேள்வி: என் மகள் கட்டடக்கலை படிக்க விரும்புகிறாள். ஒரு கல்வி நிறுவனத்தில் நான்கு ஆண்டுப் படிப்பு இருக்கிறது, மற்றொன்றில் ஐந்து ஆண்டுப் படிப்பு. இரண்டின் பெயரிலும் ‘கட்டடக்கலை’ என்ற சொல் உள்ளது. ஓர் ஆண்டு மிச்சமாகிறதே என்று முதலாவதைத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: ஓர் ஆண்டை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு மூன்று ஆண்டுகளைக் கூடுதலாகச் செலவிட நேரலாம் என்பதால், கட்டணம் செலுத்துவதற்கு முன்பே கல்லூரியிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: உங்கள் மகள் எந்த நாட்டில் தொழில் செய்ய நினைக்கிறாளோ, அந்த நாட்டில் கட்டடக்கலைஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இந்தப் படிப்பு இருக்கிறதா? பட்டத்தின் பெயர் எவ்வளவு பொருத்தமாக ஒலித்தாலும், உரிமம் தருபவர்கள் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

இந்தக் குழப்பம் அமெரிக்காவில் மிக அதிகம். அங்கே பல பல்கலைக்கழகங்கள் நான்கு ஆண்டுகளில் கட்டடக்கலையில் அறிவியல் அல்லது கலைப் பட்டம் வழங்குகின்றன. ஆனால் தேசியக் கட்டடக்கலை அங்கீகார வாரியம் அந்தப் பட்டங்களை அங்கீகரிப்பதில்லை, பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலைப் பட்டம்), எம்.ஆர்க். (முதுநிலைப் பட்டம்), டி.ஆர்க். (முனைவர் நிலைப் பட்டம்) ஆகிய மூன்று வகைப் பட்டங்களையே அது மதிப்பிட்டு ஏற்கிறது. பி.ஆர்க். பெரும்பாலும் ஐந்து ஆண்டுப் படிப்பு. நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவர் அதற்கு மேல் சுமார் இரண்டு ஆண்டுகள் எம்.ஆர்க். படித்தாக வேண்டியிருப்பதால், மிச்சம் பிடித்த ஓர் ஆண்டு அங்கேயே கரைந்து, மொத்தம் ஆறு ஆண்டுகளாகிவிடுகிறது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் அங்கீகாரம் பெற்ற பட்டம் இல்லாதவர்களையும் நீண்ட பணி அனுபவத்தின் பேரில் ஏற்கின்றன என்பது உண்மைதான். ஆயினும் அப்படிப் பெற்ற உரிமத்தை வேறொரு மாநிலத்துக்கு எடுத்துச் செல்லும்போது சிக்கல் எழலாம்.

இந்தியாவில் நிலைமை இதைவிடத் தெளிவானது. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டத்தோடு இணைந்த அட்டவணையில் இடம்பெற்ற தகுதியைப் பெற்றவரே கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள முடியும். நடைமுறையில் அது ஐந்து ஆண்டு பி.ஆர்க். படிப்பு, அதில் சேரப் பள்ளியிறுதி வகுப்பிலோ பட்டயப் படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும், நாட்டா என்னும் கட்டடக்கலை நுழைவுத் தேர்விலோ ஜே.இ.இ. மெயின் என்னும் பொறியியல் நுழைவுத் தேர்வின் கட்டடக்கலைத் தாளிலோ தகுதி பெற வேண்டும். உள்ளலங்கார வடிவமைப்புப் பட்டம் எவ்வளவு நல்ல கல்லூரியில் பெற்றதாயினும் இந்தப் பதிவுக்கு உதவாது.

பிரிட்டனில் படிகள் வேறு. முதல் பகுதி என்பது வழக்கமாக மூன்றாண்டு இளநிலைப் பட்டம், இரண்டாம் பகுதி இரண்டாண்டு மேற்படிப்பு, மூன்றாம் பகுதி தொழில் நடைமுறை பற்றிய இறுதித் தேர்வு. மூன்றையும் கடந்து பதிவு செய்துகொண்ட பிறகே ஒருவர் தம்மைக் கட்டடக்கலைஞர் என்று அழைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியோ ஐந்து ஆண்டு முழுநேரக் கல்வியையும் ஏற்கிறது, நான்கு ஆண்டுக் கல்வியோடு இரண்டு ஆண்டு தொழிற்பயிற்சியையும் ஏற்கிறது. எனவே குறுகிய படிப்பு எல்லா இடத்திலும் வீண் என்று சொல்ல மாட்டேன். கட்டடக்கலைதான் தன் துறை என்று இன்னும் உறுதிப்படாத மாணவிக்கு, இடையில் இறங்கிக்கொள்ள வசதியான ஒரு நிறுத்தமாக அது அமையக்கூடும். உங்கள் மகள் உறுதியாக இருக்கிறாள் என்றால் அங்கீகரிக்கப்பட்ட ஐந்து ஆண்டுப் படிப்பே சுருக்கமான வழி.

கேள்வி: ஐந்து ஆண்டுகள் படித்துப் பட்டமும் வாங்கிய பிறகு பயிற்சி, தேர்வு என்று ஏன் இழுத்தடிக்கிறார்கள்? அந்த ஐந்து ஆண்டுகளில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் முதலாவதன் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

கட்டமைப்பியல், கட்டுமானப் பொருள்கள், தட்பவெப்பம், வெளிச்சம், நீர், மின் வசதிகள், கட்டடக்கலை வரலாறு எனப் பாடங்கள் பல இருந்தாலும், இப்படிப்பின் நடு முற்றம் ‘ஸ்டுடியோ’ என்று மாணவர்கள் சொல்லும் வடிவமைப்புக் கூடம்தான். ஒவ்வொரு பருவத்திலும் மாணவருக்கு ஒரு மனையும் ஒரு தேவையும் கொடுக்கப்படுகின்றன. முதலாண்டில் அது ஒரு சிறு நிழற்குடையாக இருக்கலாம், இறுதியாண்டில் ஒரு மருத்துவமனை வளாகமாக இருக்கலாம். மாணவர் வரைகிறார், மாதிரி செய்கிறார், ஆசிரியர் குறை சொல்கிறார், மாணவர் அழித்துவிட்டு மீண்டும் வரைகிறார். பருவத்தின் முடிவில் ‘ஜூரி’ என்னும் மதிப்பீட்டுக் குழுவின் முன் நின்று தம் ஒவ்வொரு சுவருக்கும் காரணம் சொல்கிறார். புத்தகம் படித்தோ காணொளி பார்த்தோ இந்தப் பழக்கத்தைப் பெற முடியாது. ஆண்டுகள் நீள்வதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆனால் ஸ்டுடியோவில் வரைந்த கட்டடம் ஒழுகுவதில்லை. ஒப்பந்ததாரர் வரைபடத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதும், செலவு பாதியில் எகிறுவதும், தீத்தடுப்பு விதிக்காகப் படிக்கட்டை இடம் மாற்ற நேர்வதும் பணியிடத்தில்தான் தெரிய வரும். அமெரிக்காவில் ஆறு துறைகளில் மொத்தம் 3,740 மணி நேர அனுபவத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும், வாரம் 40 மணி நேரம் என்று வைத்தாலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடிக்கும் அந்தப் பயிற்சியோடு ஆறு பிரிவுகள் கொண்ட உரிமத் தேர்வையும் எழுத வேண்டும் என்பதும் இதற்காகவே. பிரிட்டனில் 24 மாத அனுபவம் கேட்பது மரபாக இருந்துவருகிறது.

இந்தியாவில் ஒரு பருவப் பயிற்சி படிப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பட்டம் பெற்றவுடன் தனித் தேர்வு எதுவுமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். இது மாணவர்களுக்கு வசதிதான். இருந்தாலும் இருபத்து மூன்று வயதில் ஒருவர் தனியாக ஒரு கட்டடத்துக்குப் பொறுப்பேற்க இந்தப் பயிற்சி போதாது என்பதே என் கருத்து. சட்டம் கேட்காவிட்டாலும் மூத்தவர் ஒருவரின் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாவது பணியாற்றுங்கள். வெளிநாட்டில் உரிமம் பெற எண்ணினால் அந்த அனுபவத்தை எழுத்துமூலம் சான்றாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் இந்தியாவில் குடிசார் பொறியியல் படித்தவன். பன்னிரண்டு ஆண்டுகளாக வீடுகளுக்கு வரைபடம் தயாரிக்கிறேன். பெயர்ப்பலகையில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆவது பிரிவு, கவுன்சிலில் பதிவு பெறாதவர் அந்தப் பட்டப்பெயரைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. அதே சமயம், அந்தப் பிரிவு பெயரைத்தான் காக்கிறது, வடிவமைப்புப் பணியையே மற்றவர்களுக்கு மூடிவிடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆகவே நீங்கள் செய்துவரும் தொழிலை ‘பொறியாளர்’ என்ற பெயரில் தொடர்வதற்கு இச்சட்டம் தடையில்லை. வரைபடங்களில் யார் கையொப்பமிடலாம் என்பதை அந்தந்த உள்ளாட்சி அமைப்பின் கட்டட விதிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர்தான் வேண்டுமென்றால் பி.ஆர்க். படிப்பைத் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். உங்களுடைய பன்னிரண்டு ஆண்டுகள் அதில் ஓர் ஆண்டைக்கூடக் குறைக்காது என்பது சற்றுக் கொடுமைதான். அமெரிக்காவில் தொழில் செய்ய எண்ணினால் வேறொரு வழி உண்டு: அங்குள்ள பல்கலைக்கழகங்கள் சில, வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கென்றே மூன்று ஆண்டு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான எம்.ஆர்க். படிப்பை நடத்துகின்றன.

கேள்வி: எனக்கு வயது முப்பத்து நான்கு. இனிமேல் இப்படிப்பைத் தொடங்குவது அறிவீனமா?

பதில்: இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா முதலில் வழக்குரைஞர். பின்னர் லண்டனில் கட்டடக்கலை பயின்று 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. பட்டமே இல்லாமல் புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டைச் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். அவர் தொழிலுக்கு வந்தபோது அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் உரிமச் சட்டம் இல்லை, இல்லினாய் மாநிலம் முதன்முதலாக அதைக் கொண்டுவந்ததே 1897இல்தான். ஆகவே பாவாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: படிப்புக்கு ஐந்து ஆண்டுகள், பயிற்சிக்கு இரண்டு அல்லது மூன்று. நாற்பத்திரண்டு வயதுவரை குறைந்த வருவாயில் குடும்பம் நடக்குமா என்பதை வீட்டாரோடு பேசி முடிவு செய்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.